பழைய ஹார்ட் டிஸ்க்கை இரண்டாவதாக மாட்டுதல்: ஒரு மொய்க் கணக்கை முன்வைத்து ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் மேசைக் கணினி ஒன்றில், பீரோவின் அடித்தட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் கிடந்த 80 ஜிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றை இரண்டாவதாக மாட்டும் செயலை இவ்வேடு ஆராய்கிறது. களம், சென்னையில் ஒரு வாடகை வீட்டின் கூடம். காலம், ஒரு ஞாயிறு காலை பத்து மணி முதல் இரவு ஒன்பதரை வரை. நிதி ஆய்வாளரின் சட்டைப்பையிலிருந்தும், உணவு நெறியாளரின் அடுக்களையிலிருந்தும் வந்தன. நெறியாளர் என்பது ஆய்வாளரின் அம்மா. புறத்தேர்வாளர் மனைவி. எட்டாம் வகுப்பு படிக்கும் மகன் தகவலாளி. வேலை அரை மணியில் முடியும் என்பது ஆய்வாளர் காலையில் வெளியிட்ட மதிப்பீடு. மதிப்பீட்டுக்கும் நடப்புக்கும் இடையே விழுந்த பதினொரு மணி நேரமே இவ்வேட்டின் பொருள்.

1. ஆய்வின் தேவையும் கருதுகோளும்

இடம் போதவில்லை என்பதற்காக எவரும் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுப்பதில்லை. 80 ஜிபி இன்று தகவலாளியின் போனுக்கே காணாது. வேகத்துக்காகவும் எடுப்பதில்லை, வேகம் வேண்டுபவர் எஸ்எஸ்டி வாங்கிக்கொள்வார். ஆகவே வேறு காரணம் இருந்தாக வேண்டும்.

ஆய்வாளர் முன்வைக்கும் கருதுகோள் இது: பழைய டிஸ்க் என்பது ஒரு பரண். பரணில் ஏற்றியதை யாரும் இறக்குவதில்லை. ஆனாலும் அண்டா மேலே இருக்கிறது என்ற நினைப்பில் கீழே நிம்மதியாகத் தூங்குகிறோம். டிஸ்க்கை மாட்டுவதும் எறிய மனம் வராமையின் ஒரு வடிவமே. மாட்டியபின் அதை ஒருவரும் திறந்து பார்ப்பதில்லை.

இதைச் சோதிக்கும் வாய்ப்பு உசிலம்பட்டி மாமா வீட்டிலிருந்து கல்யாணப் பத்திரிகையாக வந்து சேர்ந்தது. பத்திரிகையைப் பிரித்த நெறியாளர் முகூர்த்த நேரத்தைப் பார்க்கவில்லை.

“நம்ம பாப்பா கல்யாணத்துக்கு இவுக எவ்வளவு செஞ்சாக?” என்று கேட்டார்.

மொய் என்பது வட்டி இல்லாத கடன், கெடு இல்லாத கடன். ஆனால் மறந்துபோனால் உறவு முறிந்துவிடும் கடன். அதனால்தான் மதுரைப் பக்கக் கல்யாணங்களில் மண்டபத்தில் மேசை போட்டு, எழுத ஒருவர், எண்ண ஒருவர் என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். தங்கையின் கல்யாணம் 2007-இல் நடந்தது. நோட்டில் 412 பெயர்கள். கல்யாணம் முடிந்த கையோடு அப்பா அத்தனையையும் ஒற்றை விரலால் கணினியில் ஏற்றினார். மூன்று வாரம் ஆயிற்று. ஏற்றி முடித்த அன்று சாயங்காலம், இனி நோட்டுக்கு வேலை இல்லை என்று சொல்லி அதைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு வந்தார்.

அப்பா இப்போது இல்லை. கணினியும் 2009-இல் மாறிவிட்டது. மிஞ்சியது அதன் ஹார்ட் டிஸ்க் மட்டும். அது பட்டுப்புடவைகளுக்கு அடியில், அப்பாவின் பழைய வேட்டிக் கிழிசலில் சுற்றப்பட்டு, அந்துருண்டை வாசனையோடு இருந்தது.

2. கலைச்சொல் விளக்கம்

2.1 சிபியூ: கணினி நூல்களின்படி இது மதர்போர்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு சில்லு, உள்ளங்கையில் வைத்து மூடிவிடலாம். தமிழ்நாட்டு வீடுகளில் மேசைக்கடியில் நிற்கும் மொத்தப் பெட்டிக்கும் இதுவே பெயர். “சிபியூ மேல தண்ணி சொம்ப வைக்காதே” என்று நெறியாளர் சொல்லும்போது சில்லை நினைத்துச் சொல்வதில்லை. தலைக்கு நூறு ரூபாய் என்றால் ஆளுக்கு நூறு ரூபாய் என்று கொள்வதைப்போல, உறுப்பின் பெயர் முழுமைக்கு ஆகி வந்தது. எனவே இது சினையாகுபெயர். பிழை என்று சொல்லித் திருத்த வருபவர்கள் இலக்கணம் படிக்காதவர்கள்.

2.2 அகம், புறம்: பெட்டிக்குள் மாட்டப்படும் டிஸ்க் அகம். வெளியே யூஎஸ்பி கேபிளில் தொங்குவது புறம். பழைய டிஸ்க்கைப் புறமாக்கும் சின்ன உறைகளும் மாற்றிகளும் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் கிடைக்கும். ஆனால் இத்தகைய ஆய்வுகள் ஞாயிற்றுக்கிழமைகளிலேயே தொடங்குகின்றன. ரிச்சி தெருவில் பெரும்பாலான கடைகள் அன்றுதான் மூடியிருக்கும். எனவே இவ்வாய்வு அகத்துறையைச் சார்ந்தது.

2.3 மூன்றரை அங்குல டிஸ்க்: மேசைக் கணினி டிஸ்க்கின் வழக்குப் பெயர். தையல் பெட்டியிலிருந்த டேப்பால் அளந்ததில் அகலம் 4 அங்குலம் வந்தது. மறுபடி அளந்தும் அதுவே. மூன்றரை அங்குல ஃபிளாப்பிக்கென்று விட்ட பொந்தில் இதுவும் போய் உட்காரும் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இதைப் பொருத்தும் திருகின் விட்டம் மட்டும் ஏறக்குறைய மூன்றரை வருகிறது. அது மில்லிமீட்டர்.

3. முன்னோர் பணிகள்

1956-இல் ஐபிஎம் நிறுவனம் ராமாக் என்னும் கணினியோடு உலகின் முதல் ஹார்ட் டிஸ்க்கை வெளியிட்டது. 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள். ஆள் உயரப் பெட்டி. கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். ஒரு பெயர், ஊர், தொகை எல்லாம் சேர்த்து 40 எழுத்து என்று வைத்தால் எங்கள் நோட்டு 16,480 எழுத்து. அதாவது ராமாக்கில் சுமார் 300 கல்யாணங்களின் மொய்யை ஏற்றியிருக்கலாம். ஆனால் மண்டபத்தின் பந்திக் கூடத்தில் பாதி அதற்கே போயிருக்கும்.

1980-இல் சீகேட் நிறுவனம் அதே 50 லட்சத்தை ஐந்தேகால் அங்குலப் பெட்டிக்குள் அடக்கியது. 1983-இல் ஸ்காட்லாந்தின் ரோடைம் நிறுவனம் மூன்றரை அங்குல வகையைக் கொண்டுவந்தது. 2011-இல் தாய்லாந்து வெள்ளத்தில் ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலைகள் முழுகி உலகமெங்கும் விலை எகிறியது. ‘எதையும் தூக்கிப் போடாதே, ஒருநாள் உதவும்’ என்ற நெறியாளரின் கோட்பாட்டுக்கு உலகச் சந்தை அளித்த ஒரே சான்று இதுதான்.

4. களமும் கருப்பொருளும்

அகத்துறை ஆய்வு என்பதால் முதல், கரு, உரி கூறுதல் மரபு. முதற்பொருள்: கூடத்துத் தரையும் ஞாயிற்றுக்கிழமை முற்பகலும். கருப்பொருள்: நட்சத்திரத் திருப்புளி ஒன்று, பெயின்ட் பிரஷ் ஒன்று, ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையத் திருகுகள், பல்லி முட்டை ஓடு இரண்டு. உரிப்பொருள் இரங்கல். நெய்தலுக்குரிய இரங்கல் ஒரு கூடத்தில் நிகழ்வது திணை மயக்கம் என்று கொள்க.

பெட்டியின் வயது ஒரு தனிப் பிரச்சினை. 2009 என்பது நினைவிலிருந்து சொல்வதே, வாங்கிய ரசீது காணாமல் போயிருந்தது. ஆனால் ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் நெறியாளர் அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துவந்திருக்கிறார், பழையதைத் துடைத்ததில்லை. மரத்தின் வயதை வளையங்களைக் கொண்டு அறிவதுபோலச் சந்தனத்தை நகத்தால் சுரண்டி அடுக்குகளை எண்ண ஆய்வாளர் முயன்றார். ஆறாவது அடுக்கில் நெறியாளர் பார்த்துவிட்டதால் எண்ணிக்கை நிறுத்தப்பட்டது.

5. ஆய்வு முறை

5.1 திறப்பு: மின்கம்பியைப் பிடுங்கியபின் பெட்டியின் உலோகச் சட்டத்தைக் கையால் ஒருமுறை தொடவேண்டும். உடம்பில் தேங்கிய நிலைமின்சாரம் சட்டத்தில் இறங்கிவிடும். இல்லையென்றால் அது சில்லுகளில் இறங்கும். சென்னை வேர்வையில் நிலைமின்சாரம் அவ்வளவாகத் தேங்குவதில்லை. ஆயினும் தொட்டுக் கும்பிடுவதில் நட்டமில்லை என்று நெறியாளர் கருத்துரைத்தார்.

5.2 திருகு: ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்தும் திருகு வேறு, டிவிடி ரைட்டரைப் பொருத்தும் திருகு வேறு. முன்னதற்கு அங்குலத்துக்கு 32 புரிகள். கண்ணுக்கே புரி தெரியும். பின்னது 3 மில்லிமீட்டர் மெட்ரிக் வகை, புரி நெருக்கமானது. அங்குலமும் மெட்ரிக்கும் ஒரே பெட்டிக்குள் குடித்தனம் நடத்துகின்றன. ஒரே ஹார்லிக்ஸ் பாட்டிலில் கலந்தும் கிடக்கின்றன. மாற்றிப் போட்டால் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும், மற்றது பாதியில் நின்றுவிடும். நான்கு திருகு தேவைப்பட்ட இடத்தில் பாட்டிலிலிருந்து எழுபது திருகு கொட்டப்பட்டு, பொருந்தியவை மூன்று.

5.3 மாஸ்டரும் ஸ்லேவும்: ஆய்வின் கடினமான பகுதி இது. இன்றைய சாட்டா டிஸ்க்குகளில் ஒரு கேபிளுக்கு ஒரு டிஸ்க் என்பதால் பூசல் இல்லை. 2003-க்கு முந்தைய ஐடிஈ முறையில் அகன்ற பட்டைக் கேபிள் ஒன்றில் இரண்டு சாதனங்கள் தொங்கும். பட்டையின் ஒரு நுனி நீலம், அது மதர்போர்டுக்கு. மறுநுனி கறுப்பு, அது மாஸ்டருக்கு. நடுவில் சாம்பல், அது ஸ்லேவுக்கு. ஓரத்தில் ஓடும் சிவப்புக் கோடு முதல் ஊசியைக் காட்டும். ஊசிகள் 40 வரவேண்டிய இடத்தில் 39 இருக்கும். இருபதாவதை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள், தலைகீழாகச் செருகாமல் இருக்க. ஆய்வாளர் அது உடைந்துபோயிற்று என்று எண்ணிக் கால் மணி நேரம் வருந்தினார்.

எசமான், அடிமை என்று பெயரே தவிர ஒன்று மற்றதற்கு வேலை செய்வதில்லை. ஒன்று பூஜ்யமாவது சாதனம், மற்றது ஒன்றாவது சாதனம், அவ்வளவுதான். 2003-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி நிர்வாகம் தனக்குச் சாமான் விற்பவர்களிடம் இந்தப் பெயர்களை ஒட்டவேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. எங்கள் பெட்டியில் பிரச்சினை வேறு. 2009-இல் வாங்கிய மதர்போர்டில் ஐடிஈ துளை ஒன்றே ஒன்று. அதில் பழைய டிவிடி ரைட்டர் மாஸ்டராக உட்கார்ந்திருந்தது. பீரோவிலிருந்து வந்த டிஸ்க்கும் தன் காலத்தில் மாஸ்டர். இரண்டையும் ஒரே கேபிளில் மாட்டிச் சுவிட்சைப் போட்டதும் கணினி இரண்டையுமே தெரியாது என்று சொல்லிவிட்டது. ஓர் உறையில் இரண்டு கத்தி. புறத்தேர்வாளர் இந்த இடத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்து, நெறியாளர் பக்கத்திலேயே நின்றதால் நிறுத்திக்கொண்டார்.

தீர்வு ஜம்பர். டிஸ்க்கின் பின்புறம், கேபிள் துளைக்கும் மின்துளைக்கும் நடுவே, நாலைந்து ஜோடி ஊசிகள் இருக்கும். எந்த ஜோடிமேல் அந்தச் சின்ன பிளாஸ்டிக் தொப்பி இருக்கிறது என்பதைப் பொறுத்து டிஸ்க்கின் அந்தஸ்து மாறும். எந்த ஜோடி என்று மேலே ஒட்டிய சீட்டில் படம் போட்டிருக்கும். அந்துருண்டை அருகிருந்த காலத்தில் படம் மங்கியிருந்தது. ஆய்வாளர் தொப்பியை நகத்தால் நெம்பினார். அது ‘டிக்’ என்று பறந்தது.

அரிசிமணி அளவுள்ள பொருள். கூடம் முழுக்க மொசைக் தரை. கறுப்பும் வெள்ளையும் பழுப்புமாகப் புள்ளிகள். ஆய்வாளர் குப்புறப் படுத்து டார்ச் அடித்தார். தகவலாளி துடைப்பத்தை எடுத்தான். புறத்தேர்வாளர் ஃபிரிட்ஜை நகர்த்தலாம் என்றார். நெறியாளர் மட்டும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முறத்தில் கல் பார்க்கும் அதே பார்வையால் தரையை இடமிருந்து வலமாக ஒரு தடவை பார்த்து, ஸ்டூலின் காலடியிலிருந்து எடுத்தார்.

“இதானே?”

அறுபது ஆண்டுகளாக அரிசி பொறுக்கிய கண்ணுக்கு முன்னால் ஆய்வாளரின் கணினி அறிவு பணிகிறது.

5.4 மின்சாரம்: நான்கு கம்பி கொண்ட மோலெக்ஸ் முனை. மஞ்சளில் 12 வோல்ட், சிவப்பில் 5 வோல்ட், நடுவில் இரண்டு கறுப்பு. இதைச் செருகுவது சிரமம், பிடுங்குவது அதைவிட. பிடுங்கும்போது கை வழுக்கி, கேபினட்டின் மடிக்காத தகட்டு விளிம்பில் ஆள்காட்டி விரல் பட்டது. முதல் ரத்தம். மஞ்சள் தூள் வைத்துக் கட்டி ஆய்வு தொடரப்பட்டது.

6. கண்டறிதல்கள்

6.1 விழிப்பு: சுவிட்ச் போட்டதும் முதலில் வந்தது ஒலி. ஆட்டுக்கல்லில் உளுந்து விழுந்ததும் வருமே, கரகரவென்று தொடங்கி இழுவையாக மாறும் ஒலி, அதுபோல. பன்னிரண்டு ஆண்டுகள் நின்றுகிடந்த தட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது விநாடிக்கு 120 சுற்று சுற்றத் தொடங்கியது. அந்த வேகத்தில் தட்டின் விளிம்பு மணிக்கு 130 கிலோமீட்டர் போகிறது. அதன்மேல் படிக்கும் முனை தட்டைத் தொடாமல், தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியில் மிதக்கிறது. சும்மா கிடந்த டிஸ்க்குகளில் முனை தட்டோடு ஒட்டிக்கொண்டு சுற்றாமலே போவதும் உண்டு. இது சுற்றியது.

சுற்றிய அடுத்த நொடி அது தானே வீட்டுக்கு மூத்தவன் என்று முடிவுசெய்துவிட்டது. புதுச் சாமான் வந்ததும் பயாஸ் எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்குவது என்ற வரிசையைத் தானாக மாற்றிவைத்தது. திரையில் விண்டோஸ் எக்ஸ்பியின் நான்கு வண்ணக் கொடி பறந்தது. “அட, பழைய கம்ப்யூட்டர்” என்றார் நெறியாளர். மறுநொடி நீலத் திரை. வேறொரு மதர்போர்டில் படுத்துத் தூங்கிய எக்ஸ்பி, எழுந்து பார்த்ததும் ஊரே மாறியிருக்கக் கண்டு மயங்கி விழுந்தது. புதிய சில்லுகளுக்கான டிரைவர் அதனிடம் இல்லை. டெலிட் விசையைத் தட்டி, பயாஸுக்குள் போய், வரிசையில் பழையதை இரண்டாவதாக இறக்கியபின் வீட்டில் அமைதி திரும்பியது.

6.2 பெயரிழப்பு: அங்கே சி டிரைவாகவும் டி டிரைவாகவும் இருந்தவை இங்கே எஃப், ஜி ஆயின. சொந்த ஊரில் மணியக்காரராக இருந்தவர் பட்டணத்தில் பின்கட்டு வாடகைக்காரர் ஆவதைப்போல. தகவலாளி இங்கே ஒரு கேள்வி எழுப்பினான்: “சி-யிலதான் ஆரம்பிக்குது. ஏ, பி எங்கப்பா?” இரண்டும் ஃபிளாப்பி டிரைவுக்கு ஒதுக்கியவை என்று விளக்கப்பட்டது. ஃபிளாப்பி என்றால் என்ன என்றான். சேவ் பண்ணும் பொத்தானில் படம் இருக்கிறதே, அது என்று சொல்லி ஆய்வாளர் அப்பொருளை முடித்தார்.

6.3 அளவை: 80 ஜிபி டிஸ்க் 74.5 ஜிபி என்று காட்டியது. திருட்டு இல்லை. விற்பவர் ஒரு ஜிபி என்பதை நூறு கோடி பைட் என்று அளக்கிறார். விண்டோஸ் 107 கோடிக்கும் மேலாக ஒரு ஜிபி என்று அளக்கிறது. ஊருக்கு ஊர் படி வேறாக இருந்த நாட்டில் இதைப் புரிந்துகொள்ளச் சிரமமில்லை. 1998-இல் சர்வதேச அமைப்பு ஒன்று பெரிய படிக்கு கிபிபைட் என்று தனிப்பெயரே வைத்துவிட்டது. அந்தப் பெயரை இன்றுவரை எந்தக் கடையிலும் ஆய்வாளர் கேட்டதில்லை.

6.4 உடல்நிலை: டிஸ்க்குகள் ஸ்மார்ட் என்ற பெயரில் தங்கள் ஜாதகத்தைத் தாங்களே எழுதிவைத்துக்கொள்கின்றன. அதைப் படிக்கும் நிரல் மஞ்சள் விளக்குக் காட்டியது. கெட்டுப்போய் மாற்றிடம் ஒதுக்கப்பட்ட இடங்கள் 8. ஓடிய நேரம் 11,240 மணி, அதாவது இரவு பகல் இல்லாமல் 468 நாள். “மஞ்சள்னா நல்லதுதானே?” என்றார் நெறியாளர்.

6.5 பட்டா மாறுதல்: மொய்க் கணக்கு அப்பாவின் ஃபோல்டரில் இருந்தது. சொடுக்கியதும் அனுமதி இல்லை என்றது விண்டோஸ். அது ஆளைப் பெயரால் அறிவதில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு நீண்ட எண் வைத்து, அந்த எண்ணால் அறிகிறது. அப்பா தன் ஃபோல்டரை எக்ஸ்பியில் அந்தரங்கமாக்கி வைத்திருந்தார் போலும். அவருடைய எண்ணுக்குரிய பெயர் புதிய விண்டோஸில் எங்கும் பதிவாகவில்லை. உரிமையாளர் என்ற இடத்தில் பெயருக்குப் பதிலாக எஸ் என்று தொடங்கும் அந்த எண்ணே நின்றது. ஆய்வாளர் அதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரத்தில் உரிமையாளரை மாற்றும்படி ஆணையிடப்பட்டது. வாரிசுச் சான்றிதழ் கேட்கவில்லை, தாசில்தார் விடுப்பில் இல்லை, நாளை வா என்று ஒருவரும் சொல்லவில்லை. பச்சைப் பட்டை ஓடி முடிய இருபது நிமிடம். தமிழ்நாட்டில் அப்பா பெயரிலிருந்து பிள்ளை பெயருக்கு ஒரு சொத்து இவ்வளவு விரைவாக மாறியதற்கு வேறு சான்று கிடைக்கவில்லை.

6.6 எழுத்து: ‘மொய் ஃபைனல் 2’ என்ற கோப்பு திறந்தது. 412 வரிகள். தொகைகள் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன: 101, 251, 501, 1001. பெயர்கள் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் செமிகோலனும் பொரிகடலைபோல் இறைந்து கிடந்தன. யார் தந்தார் என்பது தெரியாது. எவ்வளவு என்பது மட்டும் தெரியும். மொய்க் கணக்கு இதற்கு இல்லாமலே இருக்கலாம்.

காரணம், பாமினி. யூனிகோடு பரவுவதற்கு முன்னால் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழ் எழுத்துகளை உட்காரவைத்தன. எழுத்துரு இருந்தால் தமிழ். இல்லையென்றால் அடியிலிருக்கும் ஆங்கிலம் பல்லைக் காட்டும். 1999-இல் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடிப் பொது விசைப்பலகையும் பொதுக் குறியீடும் பரிந்துரைத்தது. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது. அப்பா எந்த மாநாட்டிலும் கலந்துகொள்ளவில்லை. பாமினியில் அடிக்கப் பழகினார், பாமினியில் அடித்தார்.

ஐராவதம் மகாதேவன் சிந்துவெளி எழுத்துகளுக்குத் தொடரடைவு வெளியிட்டது 1977-இல். எங்கள் கூடத்தில் அதே முறை இரவு ஏழே முக்காலுக்குத் தொடங்கியது. தகவலாளி அடிக்கடி வரும் குறித்தொடர்களை எண்ணினான். கே, எச், மறுபடி கே, மறுபடி எச் என்ற நான்கெழுத்துத் தொடர் மட்டும் முப்பத்தேழு இடங்களில் வந்தது.

“கேஎச்கேஎச்னா யாரு பாட்டி?”

“அடிக்கடி வர்றாகளா? அப்ப மாமாதான். நம்ம வீட்டுக்கு வேற யாரு அடிக்கடி வருவா?”

சரிதான். பாமினியில் கே என்பது மகரம், எச் என்பது கால். கேஎச்கேஎச் என்றால் மாமா. தொடரடைவு, அலைவெண் ஆய்வு எதுவும் அறியாத நெறியாளர் குறியை உடைத்துவிட்டார். ஆனால் முப்பத்தேழு மாமாக்களில் உசிலம்பட்டி மாமா எவர் என்பது அதனால் தெரியவில்லை.

எழுத்துருவை இணையத்தில் தேடி இறக்கலாம் என்றான் தகவலாளி. தேவைப்படவில்லை. எஃப் டிரைவில், மயங்கி விழுந்த அந்த எக்ஸ்பியின் ஃபான்ட்ஸ் ஃபோல்டருக்குள், அப்பா போட்டுவைத்த பாமினி இருந்தது. கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு டிஸ்க்கை எறிந்திருந்தால் பூட்டு வந்திருக்கும், சாவி போயிருக்கும். எடுத்து நிறுவி, வேர்டை மூடித் திறந்ததும் பொரிகடலை அடங்கி 412 பேரும் தமிழில் வந்து நின்றார்கள். வரிசை எண் 188: உசிலம்பட்டி மாமா, 251, எவர்சில்வர் குடம் 1.

6.7 ஒப்பீடு: “குடமா?” என்று நெறியாளர் எழுந்து அடுக்களைக்குப் போனார். தங்கை வீட்டில் வைக்க இடமில்லாமல் திரும்பி வந்த பாத்திரங்களில் ஒன்று, குழாயடியில் தினமும் தண்ணீர் பிடிக்கும் குடம். தூக்கி வந்து விளக்கு வெளிச்சத்தில் சாய்த்தார். கழுத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக, பாத்திரக் கடை மெஷினில் வெட்டிய எழுத்து: மாமா பெயர், ஊர், 2007. ஜம்பர் இல்லை, மஞ்சள் விளக்கு இல்லை, எழுத்துரு நிறுவவேண்டியதில்லை. தினமும் புளிபோட்டுத் தேய்த்தும் ஒரு புள்ளி அழியவில்லை. பாத்திரத்தில் பெயர் வெட்டும் முறை தகவல் சேமிப்பில் ஹார்ட் டிஸ்க்குக்கு நெடுந்தூரம் முன்னால் நிற்கிறது என்பது இவ்வாய்வின் இடைமுடிவு. அதன் ஒரே குறை, தொகையை வெட்டமாட்டார்கள்.

7. முடிவுரையும் வாய்மொழித் தேர்வும்

கருதுகோளின் முற்பகுதி நிறுவப்பட்டது: பழைய டிஸ்க் ஒரு பரண்தான். பிற்பகுதி தோற்றது: பரணிலிருந்தும் சில நாள் ஒன்று இறங்கும். மொய்க் கோப்பு புதிய டிஸ்க்குக்கும் ஒரு பென் டிரைவுக்கும் நகலெடுக்கப்பட்டது, கூடவே பாமினியும். பழைய டிஸ்க் எஃப் என்ற பெயரோடு பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும் என்று நெறியாளர் சொல்லிவிட்டார்.

இரவு ஒன்பதரைக்கு வாய்மொழித் தேர்வு நடந்தது. கேள்விகள் ஆய்வாளரிடம் கேட்கப்படவேண்டியவை, ஆய்வாளர்தான் கேட்டார்.

“அப்ப கல்யாணத்துக்கு 251 வைக்கட்டுமாம்மா? இல்ல 501-ஆ?”

“இன்னைக்கு 251 வச்சா வைக்கிற கவருக்கே அசிங்கம். ஆயிரத்தொண்ணு வைடா.”

“அவர் 501 வச்சிருந்தா?”

“அப்பவும் ஆயிரத்தொண்ணுதான்.”

“அப்புறம் எதுக்கும்மா காலையிலேருந்து...” என்று கட்டுப்போட்ட விரலைக் காட்டினார் ஆய்வாளர்.

நெறியாளர் குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் திரும்பினார்.

“தெரிஞ்சு வைக்கணும்டா. தெரியாம வைக்கக் கூடாது.”

ஆய்வேடு ஏற்கப்பட்டதாக இதைக் கொள்ளலாம். கேபினட்டின் பக்கத் தகடு இன்னும் மூடப்படவில்லை. மூடுவதற்கு ஒரு திருகு குறைகிறது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் அறுபத்தேழு இருக்கின்றன.